மூவாயிரம் வாசகர்களும் ஒரு செவ்வாய்த் தொடரும்: ஆண்டி வியர் நிகழ்வு ஆய்வு

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆண்டி வியரின் வெற்றியைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 99 சென்ட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். யாரும் சீண்டாத கணினி நிரலாளர் ஒருவர் தன் ‘தி மார்ஷியன்’ நாவலை அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் மிகக் குறைந்த விலைக்குப் போட்டார். மூன்று மாதங்களில் 35,000 பிரதிகள் விற்றன. பெரிய பதிப்பகமும் ஹாலிவுட்டும் ஒரே வாரத்தில் தேடி வந்தன. 2015-இல் ரிட்லி ஸ்காட்டின் படத்தில் மேட் டேமன் செவ்வாய்க் கோளில் உருளைக்கிழங்கு பயிரிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்லும்போது அந்த நாவலுக்கு முந்தைய பத்து ஆண்டுகள் அப்படியே உதிர்ந்துவிடுகின்றன. இணையத்தில் ஒரு அறிவியல் புனைகதை எழுத்தாளரை வாசகர்கள் எப்படிக் கண்டடைகிறார்கள், கண்டபின் அவரோடு எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், விடை இருப்பது அந்தப் பத்து ஆண்டுகளில்தான்.

இன்னொன்றையும் சரிசெய்துவிடலாம். ‘தி மார்ஷியன்’ பதிப்பகங்கள் நிராகரித்த நாவல் அல்ல. அதை அவர் எந்தப் பதிப்பகத்துக்கும் அனுப்பவே இல்லை. நிராகரிப்பெல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

வியர் 1972-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். தந்தை இயற்பியலாளர், தாய் மின்பொறியாளர். பதினைந்து வயதிலேயே சாண்டியா தேசிய ஆய்வகத்தில் நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் ‘வார்கிராஃப்ட் 2’ விளையாட்டில் வேலை பார்த்தார், ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தில் இருந்தார். 1999-இல் அங்கே ஆட்குறைப்பு நடந்தபோது கையிலிருந்த பங்குகளை விற்று, கிடைத்த பணத்தில் மூன்று ஆண்டுகள் எழுத்தையே முழுநேர வேலையாகச் செய்து பார்த்தார். ஒரு நாவல் எழுதினார். எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களோடு பேசும் இலக்கிய முகவர் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. முகவர் இல்லாமல் அமெரிக்காவில் பெரிய பதிப்பகத்தின் வாசலை மிதிப்பதே கடினம். பணம் கரைந்ததும் மறுபடி நிரல் எழுதப் போய்விட்டார். எழுத்து இனி பொழுதுபோக்கு மட்டுமே என்று முடிவு செய்துகொண்டார்.

இந்த ஆய்வுக்கு முக்கியமானது அந்த முடிவு. பிழைப்புக்காக எழுதாதவர் அவசரப்பட வேண்டியதில்லை. 2001 முதல் 2008 வரை ‘கேஸி அண்ட் ஆண்டி’ என்ற இணையச் சித்திரக்கதையைத் தன் தளத்தில் வரைந்து போட்டார். ஓவியம் சுமார்தான், நகைச்சுவை ஓரளவு அறிவியல் படித்தவர்களுக்குப் பிடிக்கிற வகை. இடையிடையே சிறுகதைகள். புதிதாக ஏதாவது போட்டால் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் பட்டியல் வைத்திருந்தார். ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் அதில் சேர்ந்தவர்கள் 3,000 பேர். சரியாகச் சொன்னால் நாளொன்றுக்கு ஒருவர்கூட இல்லை. இன்றைய விளம்பர ஆலோசகரிடம் இந்த எண்ணைக் காட்டினால் முகம் சுளிப்பார். அந்த மூவாயிரம் பேரும் எப்படிப்பட்டவர்கள் என்பதை எண்ணிக்கை காட்டாது. சித்திரக்கதையின் இயற்பியல் நகைச்சுவைக்குச் சிரித்து, அடுத்ததற்காகத் தாமே வந்து பெயர் கொடுத்தவர்கள் அவர்கள். வேதியியல் தெரிந்தவர்களும் பொறியாளர்களும் அதில் தாராளமாக இருந்தார்கள்.

அதே எழுத்தாளரின் வாழ்க்கையிலேயே எதிர்த் திசைக்கு ஒரு சான்று கிடைக்கிறது. 2009-இல் ‘தி எக்’ என்ற சிறுகதையைத் தளத்தில் போட்டார். ஆயிரம் சொற்கள் அளவுக்கு இருக்கும். இறந்துபோன ஒருவன் கடவுளோடு பேசும் கதை. அது காட்டுத்தீயாகப் பரவியது. வாசகர்கள் தாங்களாகவே முன்வந்து முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்த்தார்கள். 2019-இல் ‘குர்ட்ஸ்கெசாக்ட்’ யூடியூப் அலைவரிசை அதை அசைபடமாக்கியது. ஆனால் கதை போன வேகத்தில் எழுதியவர் பெயர் கூடப் போகவில்லை. வெட்டி ஒட்டப்பட்டு, பெயர் உதிர்ந்து, எங்கோ ஒரு ஞானி சொன்னதுபோலச் சுற்றியது. படித்தவர்கள் கதையைக் கண்டடைந்தார்கள், ஆசிரியரைக் கண்டடையவில்லை. ஐந்து நிமிடத்தில் படித்து முடித்து நெகிழ்ந்து நண்பருக்கு அனுப்பிவிட்டால் வாசகரின் வேலை முடிந்துவிடுகிறது. திரும்பி வருவதற்குக் காரணம் இல்லை.

தொடர் அப்படியல்ல. ‘தி மார்ஷியன்’ 2009-இல் அத்தியாயம் அத்தியாயமாக அதே தளத்தில் இலவசமாக வரத் தொடங்கி 2011-இல் முடிந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் வளர்ந்த தமிழ் வாசகர்களுக்குத் ‘தொடரும்’ என்ற ஒற்றைச் சொல்லின் பிடி எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் பத்திரிகைத் தொடருக்கு வாசகர் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த இரண்டு அத்தியாயங்கள் அச்சுக்குப் போயிருக்கும். அத்தியாயம் வந்த அன்றே எழுத்தாளரிடம் பேச முடிந்ததும், வெளியான அத்தியாயத்தையே அவர் திருத்திவிட முடிந்ததும் வியரின் தொடரில்தான் சாத்தியமாயின.

நாவலின் அமைப்பும் இதற்குத் தோதாக இருந்தது. செவ்வாயில் தனியாக விடப்பட்ட மார்க் வாட்னி என்ற தாவரவியலாளர் தன் நாட்குறிப்பில் கணக்குப் போடுகிறார். எத்தனை சதுர மீட்டர் மண், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கலோரி, எத்தனை நாள். தண்ணீர் வேண்டும் என்றால், மிச்சமிருக்கும் ஹைட்ரசீன் எரிபொருளை இரிடியம் வினையூக்கியின் மேல் சொட்டவிட்டு, நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரித்து, அந்த ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு எரித்து நீராக்குகிறார். எரியாமல் தங்கிய ஹைட்ரஜன் பின்னர் அவரையே தூக்கி எறிகிறது. இங்கே ஒவ்வொரு படியும் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. “எப்படியோ தண்ணீர் தயாரித்தான்” என்று ஆசிரியர் கடந்துபோயிருந்தால் வேதியியல் தெரிந்த வாசகர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். படிகளைக் காட்டியதால் அவர் பென்சிலை எடுத்தார்.

பிழைகளைச் சுட்டி மின்னஞ்சல்கள் வந்தன. தொடக்க அத்தியாயங்களின் வேதியியலில் இருந்த கோளாறுகளை வேதியியலாளர்களே எழுதிச் சொன்னதாக வியர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அவர் திருத்தினார். அந்தக் காலத்தில் அவருக்கு நாசாவில் ஒருவரையும் தெரியாது. விண்வெளித் துறையில் தொடர்பு ஏதும் இல்லை. கூகுளில் தேடித் தேடி எழுதியவர். கதையில் வரும் ஹெர்மீஸ் விண்கலத்தின் பாதையைக் கணிக்கத் தானே ஒரு நிரல் எழுதிக்கொண்டார். நிரலாளருக்குப் பிழை அறிக்கை என்பது அன்றாடம். யாரோ ஒருவர் “இங்கே தவறு” என்று எழுதினால் கோபித்துக்கொள்வதில்லை, சரிபார்த்து மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இந்தத் தொழில் மனப்பாங்கு எழுத்தாளர்களிடம் அரிது. பலர் தங்கள் அத்தியாயத்தைத் தொட்டால் பிள்ளையைக் கிள்ளியதுபோலத் துடிப்பார்கள்.

ஆனால் வாசகர் சொன்னதெல்லாம் சட்டம் என்று ஆகிவிடவுமில்லை. கதையே தொடங்குவது ஒரு புழுதிப் புயலில். காற்று கருவிகளைப் பிய்த்தெறிகிறது, செவ்வாயிலிருந்து மேலே கிளம்புவதற்கான ஏறுகலத்தைச் சாய்க்கப் பார்க்கிறது. செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எவ்வளவு வேகமாகக் காற்றடித்தாலும் அப்படிப்பட்ட உந்துவிசை வராது. வியருக்கு இது தெரியும். மின்னலையும் இயந்திரக் கோளாறையும் வைத்து வேறொரு தொடக்கத்தை யோசித்தும், முதல் அடியை இயற்கையே அடிக்க வேண்டும் என்பதற்காகப் புயலை விட்டுவைத்தார். கணக்கை வாசகரோடு பகிர்ந்துகொண்டவர், கதை எங்கே தொடங்க வேண்டும் என்ற முடிவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். இது சரியான பிரிவினை என்பது என் கருத்து.

அறிவியல் புனைகதையில் வாசகர் திருத்துவது இணையம் கொண்டுவந்த பழக்கம் அல்ல. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926-இல் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ், வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டது. முகவரி கிடைத்ததால் வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் சங்கங்கள் தோன்றின. 1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. லாரி நிவன் 1970-இல் ‘ரிங்வேர்ல்ட்’ நாவலை வெளியிட்டார். ஒரு விண்மீனைச் சுற்றி மாபெரும் வளையமாகக் கட்டப்பட்ட உலகம். அடுத்த ஆண்டு பாஸ்டனில் நடந்த மாநாட்டில் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவன மாணவர்கள் நடைவழிகளில் நின்று, அந்த வளையம் நிலையாக நிற்காது என்று கோஷம் போட்டார்கள். இயக்கவியல்படி அவர்கள் சொன்னது சரி. சற்றே நகர்ந்தாலும் வளையம் விண்மீனை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். நிவன் அதைச் சரிக்கட்ட வளைய விளிம்பில் உந்துபொறிகளைப் பொருத்தினார், ஆனால் அது ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் நாவலில்தான். முதல் பதிப்பில் பூமி எதிர்த்திசையில் சுழலும்படி எழுதிவிட்டதையும் அடுத்த அச்சில்தான் மாற்ற முடிந்தது. வியரின் வாசகர்கள் எம்ஐடி மாணவர்களைவிடப் புத்திசாலிகள் அல்ல. அவர்கள் கையில் கிடைத்தது அச்சேறாத நாவல். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி 99 சென்ட்டுக்கு வரலாம். தொடர் முடிந்தபின், மின்நூல் கருவியில் படிக்க வசதியாகத் தாருங்கள் என்று சில வாசகர்கள் கேட்டார்கள். அந்த வடிவில் கோப்பாக்கித் தளத்தில் இலவசமாகவே போட்டார். அதை இறக்கிக் கருவியில் ஏற்றத் தெரியவில்லை, நேரடியாகக் கிண்டில் கடையில் போட்டால் என்ன என்று வேறு சிலர் கேட்டார்கள். அங்கே விலை இல்லாமல் போட அவருக்கு வழியில்லை. அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலை 99 சென்ட். அதை வைத்தார். இது சந்தைத் தந்திரமில்லை. இரண்டு வாசகர் கோரிக்கைகளின் முடிவில் தற்செயலாக வந்து நின்ற எண்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். இலவசமாக இறக்கியவர்களைவிடக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகம். தளத்தில் கோப்பு இலவசமாகக் கிடக்கிறது என்று சொல்லியும் வாங்கினார்கள். சொடுக்கினால் கருவிக்கு வந்துவிடும் வசதி ஒரு காரணம். தெரியாத நூலை வாசகர் கண்ணில் காட்டும் கடையின் ஏற்பாடு அதைவிடப் பெரிய காரணம். எழுத்தாளரின் தளத்துக்கு வருகிறவர் ஏற்கெனவே அவரைத் தெரிந்தவர். கடைக்கு வருகிறவர் அறிவியல் புனைகதையைத் தேடி வருகிறார், வியரைத் தேடி அல்ல. விற்பனைப் பட்டியல், நட்சத்திர மதிப்பீடு, ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்ற வரிசை ஆகிய மூன்றும் அறியாதவரிடம் அவரைக் கொண்டு சேர்த்தன. அந்தப் பட்டியலில் ஏற முதல் சில நாள்களில் ஒரு தள்ளு வேண்டும். தள்ளியவர்கள் அந்த மூவாயிரம் பேர் என்பது என் ஊகம். வாங்கி, உடனே மதிப்புரை எழுதக்கூடிய அளவுக்கு நாவலை ஏற்கெனவே படித்திருந்தவர்கள் அப்போது வேறு யாரும் இல்லை.

பணமாகப் பார்த்தால் பெரிய தொகையும் இல்லை. அந்த விலைக்கு எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கு 35 சதவீதம். 35,000 பிரதிகளுக்கு ஏறத்தாழ 12,000 டாலர். கலிஃபோர்னிய நிரலாளருக்கு இது வேலையை விடும் பணமல்ல, அவரும் விடவில்லை. ஆனால் அறிவியல் புனைகதைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது பதிப்புத் தொழிலில் இருப்பவர்களின் கண்ணில் பட்டது. கனடாவைச் சேர்ந்த போடியம் என்ற சிறிய ஒலிநூல் நிறுவனம் முதலில் வந்தது. 2013 ஜனவரியில் ஒலி உரிமையை வாங்கியது. ஆர். சி. பிரே வாசித்த அந்த ஒலிநூல் பின்னர் ஒலிநூல்களுக்கான ஆடி விருதும் பெற்றது. கிரவுன் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் ஜூலியன் பவியா நாவலைப் பற்றி டேவிட் ஃபுகேட் என்ற இலக்கிய முகவரிடம் பேசினார். ஃபுகேட் படித்துவிட்டு வியருக்கு எழுதினார். பத்து ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு முகவர்கூடத் திரும்பிப் பார்க்காதவரை ஒரு முகவரே தேடி வந்தார்.

2013 மார்ச்சில் அச்சு உரிமை லட்சம் டாலருக்கும் மேல் கிரவுனுக்குப் போனது; அதே வாரத்தில் பட உரிமையை ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனம் எடுத்தது. அலுவலகத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர், பட ஒப்பந்தம் பற்றிப் பேசக் கூட்ட அறைக்குள் நழுவிப் போய்த் தொலைபேசியை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். இவர்களில் யாரையும் அவர் நேரில் பார்த்ததில்லை என்பதால் எல்லாமே மோசடியாக இருக்குமோ என்ற பயமும் இருந்ததாம். மூவாயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் முகம் பார்க்காமல் நம்பியவருக்கு, பதிப்பகத்தை நம்பக் கடினமாக இருந்திருக்கிறது.

அச்சுப் பதிப்பு 2014 பிப்ரவரியில் வந்தது. ஒப்பந்தத்தின் விளைவாகத் தளத்திலிருந்த இலவச வடிவம் எடுக்கப்பட்டது. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி ஆராய்ந்த செவ்வாய் மண்ணில் எடையில் சுமார் 2 சதவீதம் நீர் இருப்பதாக 2013 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வாட்னி உயிரைப் பணயம் வைத்து ஹைட்ரசீனை எரித்திருக்க வேண்டியதில்லை. மண்ணைச் சூடாக்கியிருந்தாலே போதும். தொடராக வந்துகொண்டிருந்தபோது இந்தச் செய்தி கிடைத்திருந்தால் வாசகர்கள் அன்று இரவே எழுதியிருப்பார்கள். அப்போது என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது. நாவலின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று காணாமல் போயிருக்கும்.

2016-இல் சிறந்த புதிய எழுத்தாளருக்கான ஜான் டபிள்யூ. கேம்பெல் விருது வியருக்குக் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளாக இணையத்தில் எழுதி வந்தவர் அப்போது ‘புதியவர்’. துறையின் நாட்காட்டி அச்சிலிருந்து தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்த வழி அவருக்கு மட்டும் வாய்த்ததா? இல்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் வழி சற்று வேறு. ஜான் ஸ்கால்ஸி 2002 டிசம்பரில் ‘ஓல்ட் மேன்ஸ் வார்’ நாவலைத் தன் தளத்தில் தொடராகப் போட்டார், டோர் பதிப்பகத்தின் பேட்ரிக் நீல்சன் ஹேடன் படித்துவிட்டு வாங்கிக்கொண்டார், 2005-இல் அச்சானது. அங்கே கண்டடைந்த முக்கிய வாசகர் ஒரே ஒருவர், அவர் பதிப்பாசிரியராக இருந்தார். ஹியூ ஹோவி 2011-இல் ‘வூல்’ என்ற குறுங்கதையைக் கிண்டிலில் போட்டுவிட்டு மறந்தேபோனார் என்று சொல்லலாம். மதிப்புரைகளில் வாசகர்கள் இன்னும் எழுதச் சொன்னதால்தான் அது நாவல் வரிசையாக வளர்ந்தது. அச்சு உரிமையை மட்டும் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்துக்குக் கொடுத்து மின்னூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வியரைவிட ஹோவி கெட்டிக்கார வியாபாரி. 2022-இல் பிராண்டன் சாண்டர்சன் நான்கு ரகசிய நாவல்களுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 4 கோடி 17 லட்சம் டாலர் திரட்டியபோது ஆதரித்தவர்கள் 1,85,000 பேருக்கு மேல். அவர் ஏற்கெனவே பதிப்பகங்கள் வளர்த்த நட்சத்திரம் என்பதால் இதைப் புதியவர்களுக்கான முன்மாதிரியாகக் காட்டுவது நேர்மையாகாது.

அதேபோல, இந்த ஆய்வைப் படித்துவிட்டு ஒருவர் நாளையே தொடர் தொடங்கினால் 3,000 பேர் கிடைப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டுகளில் அதே கடையில் 99 சென்ட்டுக்குப் போடப்பட்டு ஒருவரும் திறக்காமல் கிடந்த நாவல்களைப் பற்றி யாரும் ஆய்வு எழுதுவதில்லை. வியரின் இலவசத் தொடருக்கு முன் எட்டு ஆண்டுச் சித்திரக்கதை இருந்தது. அதை நகலெடுக்கக் குறுக்குவழி ஏதுமில்லை.

அடுத்த நாவல் ‘ஆர்ட்டெமிஸ்’ 2017-இல் வந்தது. நிலவில் ஒரு நகரம், ஜாஸ் பஷாரா என்ற கடத்தல்காரப் பெண். இம்முறை தொடர் இல்லை. வழக்கமான பதிப்பக வழி. நிலவு நகரத்தின் பொருளாதாரமும் பற்றவைப்பு நுணுக்கங்களும் கச்சிதமாக இருந்தன. நாயகியின் குரல் மட்டும் பலருக்கு ஒட்டவில்லை. வாட்னியின் கேலிப் பேச்சையே அவளுக்கும் பொருத்தியதுபோல இருந்தது என்ற விமர்சனம் எனக்கும் சரியாகவே படுகிறது. வாசகர் கூட்டம் இருந்திருந்தால் இது திருந்தியிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த மூவாயிரம் பேர் பிழை பிடித்தது கணக்கிலும் வேதியியலிலும். ஒரு பெண் இப்படிப் பேசுவாளா என்பதற்குச் சமன்பாடு கிடையாது. அங்கே வேறு வகை வாசகர் வேண்டியிருந்தார்கள், அந்தப் பட்டியல் அவர்களைச் சேர்த்து வைத்திருக்கவில்லை. கூட்டத்தை எது இழுத்ததோ அதில்தான் அந்தக் கூட்டம் உதவும்.

வாசகர் கோரிக்கை நாவலின் வடிவத்தை மாற்றுவது அச்சுக்குப் பின்னும் நிற்கவில்லை. அறிவியல் ஆசிரியர்கள் எழுதத் தொடங்கினார்கள்: பாடத்தோடு சேர்த்து வகுப்பில் படிக்கத் தோதான நாவல், ஆனால் முதல் வரியிலேயே கெட்ட வார்த்தை இருக்கிறது, தலைமை ஆசிரியரிடம் எப்படி அனுமதி வாங்குவது? வசைச்சொற்களை நீக்கி, வினாக்களும் செய்முறைகளும் சேர்த்த வகுப்பறைப் பதிப்பு 2016-இல் வந்தது. ஹைட்ரசீன் கணக்கு அதில் முழுதாக இருக்கிறது.